செயலுக்குப் பின் வரும் சான்று

வயது முதிர்ந்த நாய்களின், குறிப்பாக ஜெர்மன் ஷெப்பர்ட், லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் போன்ற பெரிய இன நாய்களின், மண்ணீரலில் தோன்றும் கட்டி கால்நடை மருத்துவத்துக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. எவ்வளவு அறிந்தால் அறிந்ததாகும், அவ்வளவு அறியாதபோது செயல்படுவது முறையா என்ற பழைய அளவையியல் கேள்வி அதில் மிகக் கூர்மையாக எழுகிறது. இரைப்பையை ஒட்டி இடப்பக்கமாக அமைந்து, இரத்தத்தைத் தேக்கி வைப்பதும் பழுதான சிவப்பணுக்களை வடிகட்டுவதுமாகிய இந்த உறுப்பில், முற்றிலும் தீங்கற்ற வீக்கமும் மிகக் கொடிய புற்றுநோயும் வெளித்தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. இரண்டையும் பிரித்துக் காட்டவல்ல ஆய்வோ, உறுப்பை வெட்டி எடுத்த பின்னரே நடைபெறக் கூடியது. அறுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்குத் தேவையான அறிவு, அறுத்த பிறகுதான் கைக்கு வருகிறது.

தீங்கற்றவற்றுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று ஹீமட்டோமா எனப்படும், உறுப்புக்குள்ளேயே இரத்தம் கசிந்து தேங்கிய கட்டு. மற்றொன்று முதுமையில் இயல்பாகவே வரும் முடிச்சுத் திசுப்பெருக்கம். இவ்விரண்டும் மண்ணீரலை நீக்கியதும் தீர்ந்துவிடும். மண்ணீரல் இல்லாமலும் நாய் நலமாக வாழும். கொடியவற்றுள் முதன்மையானது ஹீமாஞ்சியோசார்கோமா, அதாவது இரத்தக் குழாய்களின் உட்படலச் செல்களிலிருந்து கிளைக்கும் புற்றுநோய். இது இருப்பின் அறுவை சிகிச்சை மட்டும் தரக்கூடிய வாழ்நாள் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள்; டாக்ஸோரூபிசின் என்ற மருந்தைச் சேர்த்தால் நான்கு முதல் ஆறு மாதங்கள்.

கட்டி இருப்பது பெரும்பாலும் அது உடையும்போதுதான் தெரிய வருகிறது. காலையில் வழக்கம்போல் நடந்த நாய் திடீரெனத் தளர்ந்து படுத்துவிடுகிறது. ஈறுகள் வெளுத்து, நாடி விரைந்து, வயிறு சற்றே உப்பித் தோன்றுகிறது. கசிவு சிறிதாயின், வயிற்றறைக்குள் சிந்திய இரத்தத்தை உடலே மெல்ல உள்வாங்கிக்கொள்ள, மறுநாள் அது எழுந்து உணவைக் கேட்கிறது; வெயிலின் களைப்பு என்றோ முதுமை என்றோ வீட்டார் எண்ணிக்கொள்வதும் இயல்பே. மருத்துவர் வயிற்றில் ஊசியிட்டு எடுக்கும் இரத்தம் குழாயில் உறையாமல் நிற்குமானால், அது ஊசி தவறிக் குத்திய நாளத்திலிருந்து வந்ததன்று, ஏற்கெனவே வயிற்றறையில் தேங்கி உறையும் தன்மையை இழந்தது என்பது உறுதியாகிறது. இங்கு வரை அறிவு ஐயமின்றிச் செல்கிறது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில், உள்ளே குழிவுகளும் திரவமும் கொண்ட ஒரு கட்டி தெரிகிறது. அடுத்த அடிதான் சறுக்குகிறது, ஏனெனில் ஹீமட்டோமாவும் அப்படித்தான் தெரியும், ஹீமாஞ்சியோசார்கோமாவும் அப்படித்தான் தெரியும். மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்க்கலாமே எனின், அதில் பெரும்பாலும் வெறும் இரத்தமே வருகிறது; கட்டி உடையும் அபாயமும் உண்டு.

தருக்க நூலார் இத்தகைய குறிக்கு ஒரு பெயர் வைத்திருந்தனர். மலையில் நெருப்பு உண்டு, புகை தெரிவதால் என்னும் அனுமானம் நிற்பதற்குக் காரணம், புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்ற பிரியாத உடனிகழ்ச்சி, அதாவது வியாப்தி. அந்த உடனிகழ்ச்சி இல்லாமல், நிறுவ வேண்டிய பொருள் உள்ள இடத்திலும் அது இல்லாத இடத்திலும் ஒருசேரக் காணப்படும் ஏது, அதாவது காரணமாகக் காட்டும் குறி, ஏதுப் போலிகளுள் ஒன்றாகிய அநைகாந்திகம் ஆகும். பௌத்தக் காப்பியமாகிய மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் துறவி அறவண அடிகள் இப்போலியை வகைவகையாகப் பிரித்து விளக்குகிறார். மண்ணீரற்கட்டி புற்றுநோய்க்கு அநைகாந்திக ஏதுவே. பௌத்த அளவையியலின் கண்டிப்பான நோக்கில், அதிலிருந்து பிறப்பது அறிவன்று, ஐயம் மட்டுமே.

ஐயத்துக்கும் அளவு உண்டு என்று மருத்துவம் விடை சொல்லும். மண்ணீரற்கட்டிகளில் மூன்றில் இரண்டு பங்கு புற்றுநோய், அப்புற்றுநோய்களில் மூன்றில் இரண்டு பங்கு ஹீமாஞ்சியோசார்கோமா என்ற ஒரு கணக்கு கால்நடை மருத்துவர்களிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ஆனால் யாரைத் திரட்டி எண்ணிய கணக்கு அது என்று கேட்க வேண்டும். அடிபடாமலே வயிற்றில் இரத்தம் கசிந்து வந்த நாய்களை மட்டும் எண்ணினால் கொடியவற்றின் பங்கு உயர்கிறது. வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுக்கையில் தற்செயலாகக் கண்ட, உடையாத கட்டிகளை எண்ணினாலோ தீங்கற்றவையே மிகுகின்றன. ஒரே நாயை எந்தத் தொகுதியில் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் விதி கூடியும் குறைந்தும் தோன்றுவது, அந்த எண் தொகுதியின் குணமேயன்றி நாயின் குணமன்று என்பதைக் காட்டுகிறது. மேசைமீது கிடக்கும் நாயிடம் மூன்றில் இரண்டு பங்கு புற்றுநோய் இல்லை. அதற்கு அந்நோய் உண்டு, அல்லது இல்லை.

ஐயம் தீராமல் செயல்படலாகாது என்பதும் பொருந்தாது. நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், ஓர் அறிவு மெய்யானது என்பது அதைப் பற்றி நிகழும் செயல் பயன் தருவதால் தெளிவாகிறது என்ற கருத்தோடு தம் நூலைத் தொடங்குகிறார். முன்கூட்டிய உறுதி இல்லாமலே மனிதர் செயலில் இறங்கலாம், உறுதி பின்னர் வரலாம் என்ற வழி இதனால் திறக்கிறது. தண்ணீர் என்று எண்ணி நடந்தவன் குடித்துத் தாகம் தீர்கையில், கண்டது கானல் அன்று என்று அறிகிறான். மண்ணீரலைப் பொறுத்தவரை இந்த வழி பாதியில் நின்றுவிடுகிறது. கொடிய கட்டியை எடுத்தாலும் இரத்தக் கசிவு நிற்கும், நாய் எழுந்து நடக்கும், சில வாரங்கள் நலமாகவே இருக்கும். ஆகவே செயலின் உடனடி வெற்றி நோய் எது என்பதைச் சொல்வதில்லை.

இந்நிலையில், ஸ்கேன் படத்தையும் மேற்கண்ட கணக்கையும் மட்டும் கொண்டு, அறுவை மேசையிலேயே நாயைக் கருணைக்கொலை செய்துவிடும் முடிவு தனியே ஆராயத்தக்கது. அது இரக்கத்தால் பிறப்பது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அநைகாந்திக ஏதுவை மெய்யான ஏதுவாகக் கொண்டு மீளமுடியாத செயலைச் செய்கிறது என்ற குற்றத்திலிருந்து அது தப்புவதில்லை. கட்டி தீங்கற்றதாக இருந்திருப்பின் இழக்கப்படுவது ஆண்டுக்கணக்கான வாழ்வு. மறுபுறம் தவறினால் நேர்வது, சில வாரங்களே எஞ்சிய உயிருக்குத் தையலின் வலியும் சில நாள் மருத்துவமனை வாசமும். எதிர்காலத்தை எண்ணிப் பார்க்கும் ஆற்றல் அற்றதாகக் கருதப்படும் விலங்குக்கு, நாளைய ஆண்டுகளுக்காக இன்றைய வலியைச் சுமத்தலாமா என்று கேட்கப்படுவதுண்டு. அக்கேள்வி எடையுள்ளதே; ஆனால் அதை முழுவதும் ஏற்றால் நாய்க்கு எந்தத் தடுப்பூசியும் போட முடியாது. செலவும் ஓர் எல்லைதான், அந்த எல்லையில் நின்று அறுவை வேண்டாம் என்பவரைப் பழிக்க இடமில்லை. இல்லாத உறுதியை இருப்பதாகச் சொல்லி அவருக்கு ஆறுதல் அளிப்பது மட்டுமே தவறு. அறுவைக்குப் பின் வரும் முடிவைக் கொண்டு முந்தைய தீர்மானத்தை அளப்பதும் இதே வகைத் தவறு. தீங்கற்றது என்று அறிக்கை வந்தால் அஞ்சியவர் அறிவிலியாகார். புற்றுநோய் என்று வந்தால் அறுத்தவர் குற்றவாளியாகார்.

அறுவையின் நடுவிலும் போலிகள் தொடர்கின்றன. வயிற்றைத் திறந்ததும் கல்லீரலில் சில முடிச்சுகள் தென்பட்டால், நோய் பரவிவிட்டது என்று முடிவு கட்டத் தோன்றும். முதிய நாய்களின் கல்லீரலில் தீங்கற்ற முடிச்சுகளும் மிகச் சாதாரணம். மாறாக, நெஞ்சு எக்ஸ்-ரேயிலும் இதய ஸ்கேனிலும் எதுவும் தெரியவில்லை என்பதும் பரவல் இல்லை என்பதற்குச் சான்றாகாது. இந்நோய் விரும்பிப் பற்றும் இடமான வலது இதய மேலறையில் சிறு கட்டி கண்ணுக்குத் தப்பிவிடக்கூடும். சைவ சித்தாந்த நூலாகிய சிவஞான சித்தியார் எண்ணும் அளவைகளுள் அபாவம் என்பதும் ஒன்று, அதாவது காணாமையால் இன்மையை அறிதல். இருந்திருப்பின் கண்டிருக்கவேண்டிய பொருளைக் காணாதபோதுதான் அக்காணாமை இன்மையை நிறுவும் என்று தருக்க நூலார் அதற்கு ஒரு வரம்பிட்டனர். திசு நோயியல் வல்லுநரின் அறிக்கையும் இந்த வரம்புக்கு உட்பட்டதே. ஹீமாஞ்சியோசார்கோமா பலவேளைகளில் தன்னைச் சுற்றிப் பெரிய இரத்தக்கட்டை உண்டாக்கி அதன் ஓரத்தில் சிறிதளவே இருக்கும். ஆகையால் ஒரு துண்டை மட்டும் வெட்டிப் பார்த்து ஹீமட்டோமா என்று எழுதிய அறிக்கை பிழைபடலாம். பல இடங்களிலிருந்து, குறிப்பாகக் கட்டியும் நல்ல திசுவும் சேரும் எல்லைகளிலிருந்து, துண்டுகள் எடுத்துப் பார்க்கப்பட்டனவா, அல்லது இடமோ செலவோ கருதி மண்ணீரலின் ஒரு மூலை மட்டும் ஃபார்மலின் குப்பியில் அனுப்பப்பட்டதா என்பதைக் கேட்ட பிறகே அந்த அறிக்கையின் எடையைச் சொல்ல முடியும்.