எவ்வளவு வரும்?

பரீட்சை எழுதிவிட்டு வருகிற பிள்ளையை, "சாப்பிட்டாயா?" என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. "எவ்வளவு வரும்?" என்றுதான் கேட்கிறோம். நானும் அப்படித்தான் கேட்டேன். கேட்டது பிழை என்பதைச் செவிலிமேட்டில் ஒரு பையன் எனக்கு உணர்த்தினான்.

2024 மே 5, ஞாயிற்றுக்கிழமை, 'நீட்' பரீட்சை நடந்தது. மறுநாள் மாலை, செவிலிமேட்டில் எனக்குப் பழக்கமான பட்டு நெசவாளி ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் தறிக்குழியில் கால்களை இறக்கியபடி நெய்துகொண்டிருந்தார். நெய்த துணி எதிரே உருளைக் கட்டையில் சுற்றிக்கொண்டு மறைந்துகொண்டிருந்தது. பேச்சுவாக்கில் சொன்னார்: "போன சேலையிலே ஒரு இடத்திலே இழை விட்டுப் போச்சு சார். சொசைட்டியிலே பிரிச்சுப் பார்க்கறதுக்கு முந்தி நானே சொல்லிட்டேன். கூலியிலே பிடிச்சாங்க. பிடிக்கட்டும்."

அவருடைய மகன் அரசுப் பள்ளியில் படித்தவன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகித இடம் என்று தமிழக அரசு 2020-இல் ஒதுக்கியதிலிருந்து, இத்தகைய வீடுகளிலும் டாக்டர் கனவு தைரியமாக நடமாடத் தொடங்கியிருக்கிறது. பையன் உள்ளேயிருந்து வந்தான். நான் கேட்டேன். "ஐந்நூத்தி முப்பத்தாறு வரும் சார்" என்றான். அவன் தாய் அடுத்த வீட்டுக்குச் சொல்ல ஓடினாள். தகப்பனார் நாடாவை ஒரு கணம் நிறுத்தினார்; பிறகு மறுபடியும் வீசினார்.

என்னைப் பஸ் ஏற்றிவிடப் பையன் கூடவே வந்தான். சாலைக்கிணறு பக்கம் வந்ததும் நின்றான்.

"சார், ஐந்நூத்தி முப்பத்தாறு நிஜமில்லை" என்றான்.

கணக்கு இதுதான். அந்தப் பரீட்சையில் 180 கேள்விகளுக்கு விடை எழுதலாம். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறானால் 1 போய்விடும், மொத்தம் 720. வட்டங்களைக் கறுப்பாக்கிய விடைத்தாளை வாங்கி வைத்துக்கொள்வார்கள். வினாத்தாள் மட்டும் மாணவனுடன் வீட்டுக்கு வரும். பயிற்சி நிலையங்கள் வெளியிடும் விடைகளை அதன் பக்கத்தில் வைத்து, தான் எந்த வட்டத்தை நிரப்பினோம் என்று ஒவ்வொன்றாக நினைவுகூர வேண்டும். அப்படிப் பார்த்ததில் அவனுக்கு 125 சரி, 20 தவறு, 21 விட்டுப் போனவை. ஆக, 480. மிச்சம் 14 கேள்விகளில் எதை நிரப்பினான் என்பது அவனுக்கே நினைவில்லை. கடைசி நிமிஷங்களின் அவசரத்தில் எழுதியவை. பதினான்கும் சரியானால் 536; பதினான்கும் தவறானால் 466.

"ராத்திரி மூணு தடவை கூட்டினேன் சார். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று வந்தது. நீங்க கேட்டதும் பெரிசு வாயிலே வந்துட்டுது. இப்போ அம்மா சிரிக்கிறதைப் பார்த்தா வயித்தைக் கலக்குது."

பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். தன் மதிப்பெண்ணைத் தானே கணக்கிடுகிறவன் விசித்திரமான நிலையில் இருக்கிறான். அவனே மாணவன், அவனே பரீட்சகன், அவனே சாட்சி, பலனை அனுபவிக்கப் போகிறவனும் அவனே. எந்த நீதிமன்றமும் இப்படி ஒருவனைத் தீர்ப்புச் சொல்ல விடாது. ஆனால் அதே நீதிமன்றம், சாட்சி "எனக்கு ஞாபகம் இல்லை" என்றால் அதையும் சாட்சியமாகவே எழுதிக்கொள்ளும். நாம்தான் எழுதிக்கொள்வதில்லை. நமக்கு ஓர் எண் வேண்டும்.

அவன் 466 என்று சொல்லியிருந்தால் என்ன? "எவ்வளவு அடக்கம்!" என்று மெச்சியிருப்பேன். கண் பட்டுவிடும் என்றோ, பின்னால் ஏமாறக் கூடாது என்றோ குறைத்துச் சொல்கிற பிள்ளைகள் உண்டு. அதுவும் பொய்தான். தெரியாத பதினான்கையும் தனக்குச் சாதகமாக எழுதிக்கொள்வதும், எல்லாவற்றையும் தனக்குப் பாதகமாக எழுதிக்கொள்வதும், தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டுகிற ஒரே காரியந்தான். அடக்கம் வேறு, உண்மை வேறு. "480, பதினான்கு எனக்குத் தெரியாது" என்பதுதான் உண்மை. அந்தப் பதிலுக்கு என் கேள்வியில் இடமே இருக்கவில்லை.

'நம்பிக்கையாக ஏதோ சொன்னான். ஒரு மாதம் வீட்டில் சந்தோஷம் இருந்துவிட்டுப் போகட்டுமே' என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சந்தோஷம் கடன் வாங்கியது. வட்டி கட்டுகிறவன் பையன். முப்பது நாளும் 536 வாங்கியவனைப் போல அவன் நடமாட வேண்டும்.

உண்மையைக் கணக்காகச் சொன்னவனுடைய எண்ணும் நிலைத்துவிடும் என்று உறுதியில்லை. 2018-இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளின் மொழிபெயர்ப்பில் பிழை என்று வழக்கு வந்தது. தமிழில் எழுதியவர்களுக்கு 196 மதிப்பெண் தரும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. 2024-இல் அணுவைப் பற்றிய பௌதிகக் கேள்வி ஒன்றுக்கு இரண்டு விடைகளும் சரி என்று ஜூன் மாதம் மதிப்பெண் கொடுத்தார்கள். தில்லி ஐ.ஐ.டி. நிபுணர்கள் ஒரு விடைதான் சரி என்றதும், பழைய பாடப்புத்தகத்தை நம்பி மற்றதை எழுதிய 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆளுக்கு 5 மதிப்பெண் இழந்தார்கள். முழு மதிப்பெண் பெற்றவர்கள் 67 பேர் என்றிருந்தது, ஜூலை 26 அன்று 17 ஆயிற்று. எண் நம் கையில் இல்லை. எது தெரியும், எது தெரியாது என்று பிரித்துச் சொல்வது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது.

அந்தப் பையன் நின்ற சாலைக்கிணற்றுக்கு ஒரு கதை உண்டு. விந்தியக் காட்டில் வழி தவறிய ராமாநுஜர், வேடத் தம்பதியின் துணையோடு இரவைக் கழித்து, விடிந்ததும் இந்தக் கிணற்றருகே இருந்தாராம். வேடுவச்சிக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் இருவரையும் காணோம். 'இது எந்த ஊர்?' என்று வழியில் போனவர்களைக் கேட்டார். வரதர் கோயில் விமானத்தைக் காட்டினார்கள். அவர் படித்த சீமைதான் அது. ஆயினும், தெரியவில்லை என்று கேட்க அவர் கூசவில்லை.

பையனும் கூசவில்லை. அன்றிரவே தகப்பனாரிடம் பதினான்கையும் சொல்லிவிட்டானாம். அவர் திட்டவில்லை. "எங்கே விட்டுப் போச்சுன்னு தெரியுதில்லே, அது போதும்" என்றாராம்.

பிறகு முடிவு வந்தது. அவன் எனக்குப் போன் செய்து எண்ணைச் சொன்னான். அதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், அவன் சொன்னது சரியா தவறா என்று அந்த எண்ணைக் கொண்டு நீங்கள் தீர்மானித்துவிடுவீர்கள். அவன் சரியானதைச் சொன்னது மே மாதம், தறிக்குப் பக்கத்தில், முடிவு வருவதற்கு வெகு நாள் முன்பு.