இரவல்

2010 ஜூன் 21 அன்று அமெரிக்காவில் பார்ன்ஸ் அண்ட் நோபிள் தனது ‘நூக்’ படிப்புக் கருவியின் விலையை 259 டாலரிலிருந்து 199க்கு இறக்கியது. அன்றே, சில மணி நேரத்துக்குள், அமேஸான் ‘கிண்டில்’ விலையை 189க்குக் கொண்டுவந்துவிட்டது. ரங்கநாதன் தெருவில் எதிரெதிர்க் கடைக்காரர்கள் செய்வதுதான். போகப்போக எழுத்து கூர்மையாயிற்று. திரைக்குள்ளேயே விளக்கு வந்தது. 2016இல் கிண்டிலில் தமிழ்ப் புத்தகங்களும் வந்தன. இவற்றை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. கண் மங்குகிற வயதில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ள முடிவது பெரிய விஷயம்.

ஆனால் இந்தப் போட்டி எதற்காக என்பது எனக்கு வெகு காலம் பிடிபடவில்லை. நூக், கிண்டில், கோபோ மூன்றுக்கும் காகிதம்போல் தோன்றும் அந்தத் திரை ஈ-இங்க் என்கிற ஒரே கம்பெனியிலிருந்துதான் வந்தது. கருவியை அடக்க விலைக்கே விற்கிறோம் என்று 2012இல் அமேஸானின் பெஸோஸே சொன்னார். லாபம் பிறகு வாங்கப்படும் புத்தகங்களில். வாசகனைத் தன் வேலிக்குள் ஓட்டிக்கொண்டுவரத்தான் விலை இறங்கியிருக்கிறது. ஒரு வேலிக்குள் வாங்கிய, பூட்டுப் போட்ட புத்தகம் அடுத்த வேலிக்குள் திறக்காது.

அடையாறில் என் நண்பர் சென்ற வருஷம் இறந்துபோனார். அவர் மகள் எங்களைக் கூப்பிட்டு, வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். எனக்குக் கிடைத்தவற்றில் ஒன்று 1983இல் நானே அவருக்கு இரவல் கொடுத்து மறந்தது. ஓரங்களில் பென்சிலால் என்னோடு சண்டை போட்டிருந்தார். கடைசியில் அவருடைய கருவியையும், ரகசியச் சொல் எழுதிய துண்டுத்தாளையும் என் கையில் வைத்தாள். முந்நூறு புத்தகங்களுக்கு மேல். மயிலாப்பூருக்கு எடுத்து வந்த பிறகுதான் ஒப்பந்தத்தைப் படித்தேன். அவர் வாங்கியது புத்தகம் அல்ல, படிக்கும் உரிமை. அது அவரோடு சரி, கைமாறக்கூடாது.

அப்படியானால் நான் திருடனா? காசு கொடுத்தவர் அவர். எழுதியவனுக்குச் சேர வேண்டியதும் சேர்ந்துவிட்டது — தமிழில் அது எவ்வளவு என்பது வேறு வயிற்றெரிச்சல். பூட்டு எழுத்தாளனைக் காக்கிறது என்கிறார்கள், முழுப் பொய்யில்லை. ஆனால் முந்நூறு பிரதி அச்சடித்த சிறுபத்திரிகைகளை ஓசியில் படித்துத்தான் நம்மில் பலர் எழுதவே வந்தோம்.

கொடுக்க மறுப்பது புதிதும் அல்ல. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்தபோது ஏட்டை எடுத்துக் காட்டவும் மறுத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் மறுத்தது ஒரு மனிதன். அவன் வீட்டுத் திண்ணையில் மறுநாளும் போய் உட்காரலாம்; கெஞ்சலாம், வேண்டியவரைக் கொண்டு சொல்லச் சொல்லலாம். அப்படிச் சேர்ந்த ஏடுகளைத்தான் இன்று பெசன்ட் நகரில் அவர் பெயரில் உள்ள நூல்நிலையத்தில் பார்க்கிறோம். ஒப்பந்தத்துக்குத் திண்ணை கிடையாது.

இரவலிலும் ஒரு தடவை போட்டி நடந்தது. பதிப்பாளர் சம்மதித்தால் ஒரு புத்தகத்தை ஒரே முறை, 14 நாளுக்கு, இன்னொருவருக்குக் கொடுக்கலாம் என்றது நூக். 2010 முடிவில் அமேஸானும் அதே 14 நாளை எடுத்துக்கொண்டது. பதினைந்தாவது நாளைப் பற்றி இருவரும் பேசவில்லை. விலையில் அறுபது எழுபது டாலரை ஒரே நாளில் விட்டுக்கொடுத்தவர்கள்!

இரவில் இணையத்தை அணைத்துவிட்டு அந்தக் கருவியைத் திறக்கிறேன். அவர் கடைசியாகப் படித்த நாவல் 62 சதவிகிதத்தில் நிற்கிறது. அதுவரை அடிக்கோடுகள் இருக்கின்றன. அதற்கு மேல் நான் இன்னும் புரட்டவில்லை.