முதலில் அந்த வீடு

1990 ஜூனில் சண்டை மறுபடி மூண்டதோடு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போனது. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. நல்லூரில் எங்கள் ஒழுங்கையில் ஏழு வீடுகள். வேலை செய்கிற றேடியோ அப்புவிடம் மட்டுந்தான் இருந்தது.

சைக்கிளை விறாந்தையில் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைப் பின்சில்லு ரயரோடு சாய்த்துவிட்டு, பெடலைக் கையால் சுற்றவேண்டும். டைனமோ தருவது ஆடலோட்டம், றேடியோ கேட்பது நேரோட்டம். நாலு டயோட்டையும் ஒரு கொள்ளளவியையும் பலகைத் துண்டில் பற்றவைத்து அந்தப் பிணக்கைத் தீர்த்து வைத்திருந்தார் அப்பு. இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை. சுற்றுகிற வேலை எனக்கு. என் கை சோர்ந்தால் லண்டனில் பேசுகிறவரின் குரலும் சோர்ந்து இழுபடும். "நிப்பாட்டாத தம்பி, சுத்து" என்பார் அப்பு, காதைப் பெட்டியோடு ஒட்டிவைத்தபடி. பக்கத்தில் ஜாம் போத்தல் விளக்கு, துளி மண்ணெண்ணெயில் எரிந்துகொண்டிருக்கும்.

டைனமோவின் இரைச்சலுக்குள் அவரைத் தவிர யாருக்கும் செய்தி முழுதாய் விளங்காது. ஒழுங்கைச் சனம் படலையடியில் காத்து நிற்கும். அப்பு எழுந்து போய், கேட்டதை ஒன்றுவிடாமல் சொல்லுவார். எனக்குத் தெரிந்த முதல் வானொலி நிலையம் அதுதான். ஏழு வீட்டுக்கும் ஒரே அறிவிப்பாளர்.

ஒரு நாள் வன்னியில் ஓர் ஊரின் பெயர் செய்தியில் வந்தது. குண்டுவீச்சு. மூன்றாம் வீட்டு மாமியின் மகன் அப்போது அந்த ஊரில்தான் நின்றான். அப்பு எழும்பினார். "என்ன அப்பு, என்ன சொன்னவங்கள்?" என்று படலையடியில் கேட்டவர்களிடம், "பொறுங்கோ" என்றுமட்டும் சொல்லிவிட்டு மாமி வீட்டுக்குள் போனார். வெகுநேரம் வரவில்லை. கை வலிக்கச் சுற்றியவனுக்கே செய்தி தெரியவில்லையே என்று எனக்கு ஒரே கோபம். திரும்பி வந்த பிறகுதான் மற்ற ஆறு வீட்டுக்கும் சொன்னார். மகன் பத்து நாளில் உயிரோடு வந்து சேர்ந்தான். ஆனால் அந்தப் பத்து இரவும் மாமி வீட்டில் யாராவது ஒருவர் படுத்தெழும்பினார்கள்.

அந்த வயதில் எனக்குக் கே. எஸ். ராஜாவைப் போலப் பேச ஆசை. இலங்கை வானொலியில் அவர் பேசினால் கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடே கேட்ட காலமொன்று இருந்தது. பெரிய குரலென்றால் அதுதான். அதே வானொலியின் மரண அறிவித்தல் நேரத்தில் எங்கள் வீடுகளில் மூச்சுக்கூடக் கேட்காது. கூடப்பிறந்தவரின் சாவை அந்த அறிவித்தலில்தான் முதல்முதலாக அறிந்தவர்கள் உண்டு. அதற்கு அறிவிப்பாளரைக் குறை சொல்ல முடியாது. நாடு முழுக்கக் கேட்கிற குரலால் ஒரு படலையைத் தட்டிவிட்டுப் பேச முடியுமா?

சின்ன நிலையத்தால் முடியும். மலையகத்தில் 1989இல் கொத்மலைச் சமூக வானொலி தொடங்கியது. பத்து வருடம் கழித்து இணையம் வந்தபோது, ஊர்ச்சனம் கேட்ட கேள்விகளுக்கு அங்கிருந்தவர்கள் இணையத்தில் விடை தேடி வானொலியில் விளக்கிச் சொன்னார்கள். பாக்கு நீரிணைக்கு அக்கரையில், பாம்பனில், 2016இலிருந்து கடல் ஓசை ஒலிக்கிறது. காற்றையும் அலையையும் மீனவர்களுக்குச் சொல்லுகிற பண்பலை. பிழையாகச் சொல்லிவிட்டால் மறுநாள் கரையில் அந்த முகத்தையே பார்க்கவேண்டும். இந்தக் கூச்சம்தான் சின்ன வானொலியின் பலமென்று நான் நம்புகிறேன்.

எங்கள் ஒழுங்கையில் இப்போது நாலு வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆட்கள் ரொறன்ரோவிலும் ஹரோவிலும் பேர்னிலும். வெள்ளிக்கிழமைகளில் அரைமணி நேரம் பேசிப் பதிந்து வைபரில் போடுகிறேன்: யார் வீட்டு மா பூத்திருக்கிறது, யாருக்குப் பேரப்பிள்ளை, எந்தக் கிணற்றில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. நாற்பத்துமூன்று பேர் கேட்கிறார்கள். கந்தசுவாமி கோயில் மணி பின்னால் கேட்காவிட்டால் ஏனென்று கேட்டு அழைப்பு வரும்.

போன வருடம் ஒழுங்கையில் ஒரு சாவு. நான் வழமைபோல் பதிந்து அனுப்பிவிட்டேன். இறந்தவரின் தங்கை ரொறன்ரோவில் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது, மாம்பூவுக்கும் கிணற்றுக்கும் நடுவில் அதைக் கேட்டிருக்கிறாள். இரண்டு நாள் கழித்துப் பேசினாள். "எனக்குத் தனியா ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம் அண்ணா." மாமியின் வீட்டுக்குள் நுழைந்த அப்புவின் முதுகு அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. முப்பது வருடமாக அந்த முதுகைக் கண்டவன் நான், கண்டும் படிக்கவில்லை.

கடந்த வெள்ளி பதிவு முடிந்துவிட்டது. பேர்னில் ஒரு வீட்டுக்கு முதலில் சொல்லவேண்டிய சங்கதி ஒன்று அதில் இருந்தது. மூன்று தடவை அழைத்தேன், எடுக்கவில்லை. ஹரோவிலிருந்து, "என்ன இன்னும் காணேல்லை?" என்று செய்தி வந்தது. "பொறுங்கோ" என்று எழுதிவிட்டு நாலாம் தடவை அழைத்தேன்.