மூன்று வருட முன்அனுபவம்

டெண்டர் படிவம் நிரப்புவதும் என் வேலையில் ஒரு பகுதி. "இதே மாதிரி வேலையில் மூன்று வருட அனுபவம் உண்டா?" என்ற கட்டம் வந்ததும் சின்ன கம்பெனிகள் மூட்டை கட்டிவிடும். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்? மென்பொருளில் இது வெறும் எரிச்சல். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளுக்கு, தங்கள் பிள்ளைக்கு யார் வைத்தியம் பார்ப்பது என்ற கேள்வி.

1971-இல் சிட்னியின் ரெட்ஃபெர்னில் அவர்கள் தங்களுக்கென்று ஒரு மருத்துவ நிலையம் தொடங்கினார்கள். ஒரு சின்ன கடையறை, சம்பளம் வாங்காத டாக்டர்கள், அவ்வளவுதான். இன்று அதே மாதிரி, சமூகமே நடத்தும் சுகாதார அமைப்புகள் நாடு முழுக்க நூற்றுக்கு மேல் இருக்கின்றன. அன்றைக்கு ரெட்ஃபெர்ன்காரர்களிடம் என் படிவத்தை நீட்டியிருந்தால் பாதிக் கட்டம் காலியாகத்தான் இருந்திருக்கும்.

2014-இல் மத்திய அரசு பூர்வகுடித் திட்டங்கள் பலவற்றை ஒன்றாக்கி, நிதிக்குப் போட்டி வைத்தது. பெரிய தொண்டு நிறுவனங்களும் ஊர்ச் சங்கங்களும் ஒரே வரிசையில். எல்லாருக்கும் ஒரே விதி, அப்புறம் என்ன அநியாயம்? விண்ணப்பம் எழுதவே தனி ஆள் வைத்திருப்பவரும், பகலில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு ராத்திரி அதை எழுதுபவரும் அந்த விதிக்கு ஒன்றுதான்.

2020 தேசிய ஒப்பந்தம் இதைத் திருத்தப் பார்த்தது. சமூகக் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கு முன்னுரிமை என்றது. அவை யார் என்றும் வரையறுத்தது. லாப நோக்கமில்லாமல் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும், பூர்வகுடிகளே நடத்த வேண்டும், நிர்வாகக் குழுவில் அவர்களே பெரும்பான்மை, சேவை செய்யும் சமூகத்தோடு பிணைப்பு வேண்டும். மற்றதையெல்லாம் காகிதத்தில் காட்டிவிடலாம். பிணைப்பை?

சோதிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வணிக ஒப்பந்தங்களில், பூர்வகுடி ஒருவரை முகப்பில் நிறுத்திவிட்டு லாபத்தை வேறு ஆள் எடுத்துக்கொண்டு போவது நடக்கிறது. பொதுப்பணம், கணக்கு கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்பது, யார் பூர்வகுடி என்று ஒரு காலத்தில் சட்டம் போட்டு முடிவு செய்து, பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டு போன அதே அரசு. அதன் முன்னால் போய் "நாங்கள் எங்கள் ஆட்கள்தான்" என்று நிரூபிப்பது எப்படி இருக்கும்?

எனக்குத் தெரிந்த ஒரே நேர்மையான அளவுகோல், நீக்கும் அதிகாரம். இந்த அமைப்புகளின் நிர்வாகக் குழுவை உள்ளூர் உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். வைத்தியம் சரியில்லை என்றால் ஆண்டுக் கூட்டத்தில் கை தூக்கி ஆளை மாற்றலாம். அங்கேயும் சொந்தபந்த அரசியல் இருக்கும், தோற்ற குடும்பம் புலம்பும். இருக்கட்டும். பெரிய தொண்டு நிறுவனத்தின் கிளைக்கு வரும் பாட்டி யாரை மாற்ற முடியும்? டெண்டர் படிவத்தில் அதைக் கேட்கும் கட்டத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.