மறைந்த மாணாக்கரை நினைத்தல்

கல்லூரிதோறும் பழைய மாணாக்கர் சங்கம் ஒன்று உண்டு. ஆண்டுக்கொரு முறை அவர்கள் கூடுங்கால், காலஞ்சென்றோரின் பெயர்களை வாசித்து, அனைவரும் இரண்டு நிமிடம் எழுந்து நிற்பது வழக்கம். நாம் கல்லூரியில் பயின்றவரல்லோம். நூற்பாலையில் ரிங் பிரேமின் முன் நின்று வயதானவர்கள். ஆயினும் பிரசங்கி என்னும் முறையில் அத்தகைய கூட்டமொன்றிற்கு அழைக்கப்பெற்றுச் சென்றிருந்தோம். பெயர், பயின்ற ஆண்டு, பட்டம், வகித்த பதவி என நான்கு பத்திகள் கொண்ட தாளொன்றைக் காரியதரிசி வாசித்தார். நீதிபதி என்றபோது சபையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தலைமைப் பொறியாளர் என்றபோதும் எழுந்தது. ஒரு பெயருக்கு நேரே நான்காம் பத்தி வெறுமையாய் இருந்தது போலும். அதை மட்டும் விரைந்து வாசித்துவிட்டு அவர் அடுத்த பெயருக்குச் சென்றார். அந்த விரைவு நம் நெஞ்சை உறுத்திற்று. பதவியைக் கொண்டு ஒருவரை நினைப்பது அவரை நினைப்பதாகுமா?

அன்பர்களே, இதனை ஒரு கல்லூரியை முன்வைத்தே ஆராய்வோம். மும்பையின் எல்பின்ஸ்டன் கல்லூரி மறைந்த மாணாக்கரால் பெரும்புகழ் பெற்றது. தாதாபாய் நௌரோஜி, நீதிபதி ரானடே, பெரோஸ்ஷா மேத்தா, கோகலே, அண்ணல் அம்பேத்கர் ஆகியோர் அங்கே பயின்றவர்கள். 1858இல் அங்கே படிப்பை முடித்து வெளியேறியவர் ஜாம்செட்ஜி டாடா. அவர் நாகபுரியில் நிறுவிய எம்பிரஸ் ஆலை 1877ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் திறக்கப்பட்டது. ரிங் கதிரை இந்நாட்டில் முதன்முதலாகப் பரீட்சித்துப் பார்த்தவர்களுள் அவர் ஒருவர். நம் கால்களில் புடைத்திருக்கும் நரம்புகளுக்கும் அவருக்கும் அவ்வகையில் ஓர் உறவு உண்டென்று சொல்லலாம். இது குறையன்று, நடந்த செய்தி.

அவர் 1904இல் மறைந்தார். அவ்வாண்டே பழைய மாணாக்கர் கூடி அவர் வாழ்வைக் கணக்கிட்டிருந்தால், ஆலைகளையும் மாளிகைகளையும் சொல்லியிருப்பார்கள். எஃகுத் தொழிற்சாலைக் கம்பெனி 1907இலும், பெங்களூரின் விஞ்ஞானக் கழகம் 1909இலும் அன்றோ தோன்றின! அவர் எண்ணியதும் முயன்றதும் பிறர் கைகளில் பலித்தன. ஆகவே, ஒருவர் மூச்சு நின்ற நாளில் அவர் கணக்கை முடித்துவிடுவது பிழையென்று தெரிகின்றது.

கோகலேயின் கதை இதனினும் கூர்மையானது. 1884இல் அக்கல்லூரியில் பட்டம் பெற்ற அவர், பெரிய உத்தியோகம் தேடாமல் புனேயில் ஆசிரியப் பணி ஏற்றார். 1911இல் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கும் மசோதாவொன்றைப் பேரரசின் சட்டசபையில் கொணர்ந்தார். அடுத்த ஆண்டு அது தோற்கடிக்கப்பட்டது. 1915இல் அவர் மறைந்தார். பதவிப் பத்தியில் தோல்வியை எழுதும் வழக்கம் எங்குமில்லை. ஆனால் 2002இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டு, 2009இல் கல்வியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டு, 2010இல் அது நடைமுறைக்கு வந்தபோது, அந்தத் தோற்ற மசோதாவைத்தான் அறிந்தோர் நினைத்தார்கள். வென்ற பேச்சுகள் பல மறந்துபோயின.

இனி, ‘எங்கள் மாணவர்’ என்று உரிமை கொண்டாடுவதைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கணித மேதை ராமானுஜன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். கணிதம் ஒன்றிலேயே மனம் தோய்ந்திருந்தமையால் பிற பாடங்களில் தவறி, அவ்வுதவியை இழந்தார். 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. 1918இல் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1920இல், முப்பத்திரண்டு வயதில் மறைந்தார். இன்று அவ்விரு கல்லூரிகளும் அவரைத் தம்மவர் என்று பெருமையோடு நினைக்கின்றன. நினைக்கட்டும், அதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் அவரோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து, அவரைப் போலவே தவறி, வீடு திரும்பிய பிள்ளைகளை எந்தத் தாளில் தேடுவது? தேறாமை இருவருக்கும் ஒன்றே. பின்னால் வந்த புகழ்தான் வேறு.

மிலிந்த பஞ்ஹா என்னும் நூலில் நாகசேனர் மிலிந்த மன்னனுக்கு விளக்கை உவமை காட்டுகின்றார். முதற்சாமத்தில் எரிந்த சுடர் கடைச்சாமத்துச் சுடரும் அன்று, அதனின் முற்றும் வேறும் அன்று. கல்லூரியும் அவ்வாறே. அன்றைய ஆசிரியர் இல்லை, மாணவர் இல்லை. சில இடங்களில் கட்டடமும் இல்லை. எனினும் ஒன்றிலிருந்து ஒன்று பற்றிக்கொண்டு ஒளி தொடர்கின்றது. இவ்வாறு நோக்கினால், மறைந்தவர் பெயருக்கு நேரே கேட்க வேண்டியவை இரண்டு: அவருக்கு எங்கிருந்து வந்தது? அவரிடமிருந்து எங்கே சென்றது?

அம்பேத்கர் பெருமானின் வாழ்வில் இவ்விரண்டும் தெளிவாய் விளங்குகின்றன. அவர் 1912இல் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டம் பெற்றார். பரோடா மன்னர் சாயாஜிராவ் திங்கள்தோறும் இருபத்தைந்து ரூபாய் அளித்தார். ஆலைத் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பரேலின் சால் ஒன்றில் குடியிருந்த அந்தக் குடும்பத்தில், ஒருவர் மேலே படிக்க வேண்டி மற்றொருவர் படிப்பை விட்டார். இத்தகையோர் பெயர் எந்தக் கல்லூரியின் ஏட்டிலும் ஏறாது. பெற்றதை அவர் என்ன செய்தார் என்பதற்கு, 1946இல் மும்பையில் அவர் தோற்றுவித்த சித்தார்த்தா கல்லூரி ஒன்றே போதும். பகலில் வேலைக்குப் போகும் ஏழை மாணாக்கரையும் நினைத்தே அது தொடங்கப்பட்டது.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. நமக்கு ஒரு தம்பி இருந்தான். நம் ஆலைக் கூலியில் அவன் கல்லூரியில் சேர்ந்தான். இரண்டாம் ஆண்டின் இறுதியில், பரீட்சைக்குப் பதினோரு நாள் இருக்கையில், காய்ச்சலில் போய்விட்டான். பட்டம் பெறாதவன் பழைய மாணவனாகான் என்று சங்கத்தார் அவன் பெயரைச் சேர்க்கவில்லை. அந்தக் கோபத்தை நாம் பல ஆண்டுகள் சுமந்தோம். கூலியெல்லாம் வீணாயிற்றென்று ஒருநாள் வாய்விட்டும் சொன்னோம். அச்சொல்லுக்காக இன்றும் வெட்கப்படுகின்றோம்.

ஏனெனில் இரவு ஷிப்டு முடிந்து நாம் வந்து படுக்கும்போது, அவன் விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு பாடத்தை உரக்கப் படிப்பான். “அண்ணா, தூங்கிட்டீங்களா?” என்று கேட்பான். இல்லை என்றால், அன்று வகுப்பில் கேட்டதை முதலிலிருந்து சொல்லுவான். நான்காம் வகுப்போடு நின்ற நமக்கு எழுத்துக்கூட்டி நூல் வாசிக்கும் துணிவு அப்படி வந்தது. இன்று மேடையில் சூத்திரம் விளக்கும் இந்த நாவில் அவன் குரல் சிறிதேனும் இல்லையென்று எவர் சொல்ல முடியும்?

மேற்சொன்ன கூட்டம் முடிந்தபின் காரியதரிசியிடம் இவற்றைச் சொன்னோம். அவர் இளைஞர், பொறுமையாகக் கேட்டார். தாளை எடுத்து அடியில் தம்பியின் பெயரையும் ஆண்டையும் எழுதினார். பட்டம் என்ற பத்தியில் கோடிட்டார். நான்காம் பத்திக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி, “உத்தியோகம் என்னன்னு போடட்டும், ஐயா?” என்றார்.

“வாத்தியார்னு போடுங்க தம்பி. ஒரே மாணவன்” என்றோம்.

அவர் சற்று யோசித்தார். பேனாவை மூடி வைத்துவிட்டு, அதை மட்டும் பென்சிலால் எழுதிக்கொண்டார்.