‘சீ’ என்னும் முதற்பாடம்

திருகோணமலைக்கு வடக்கே, குச்சவெளியையும் கடந்து செல்லும் வீதியில் அமைந்த திரியாய், வயலும் குளமும் சார்ந்த ஊர். அங்குள்ள வளவுகளிற் காலை வேளையிற் காணக்கூடிய காட்சியொன்றுண்டு. அம்மம்மா நிலத்தில் அமர்ந்து கால்களை நீட்டுகிறார். ஏணையிலிருந்து தூக்கிய பேரக்குழந்தையைத் தம் கால்களின் மேல் இருத்தி, ‘ஸ்ஸ்’ என்று மெல்ல ஒலியெழுப்புகிறார். குழந்தை தன் கருமத்தை முடிக்கிறது. மண் அள்ளி மூடப்படுகிறது. வாளித் தண்ணீரிற் குழந்தை கழுவப்படுகிறது. இதில் யாரும் யாரையும் ஏசவில்லை, எவரும் முகஞ்சுளிக்கவுமில்லை. அதே குழந்தை இரண்டு வயதையடைந்து, ஒருநாள் திண்ணையில் மலங்கழித்துவிட்டு அதனை விரலால் தொட்டுப் பார்க்கிறது. அப்போதுதான் அச்சொல் பிறக்கிறது: “சீ! தொடாதை!”

சிறிய சொல். எனினும், குழந்தை அதற்கு முன்னர் கேட்ட விலக்குகளோடு ஒப்புநோக்குமிடத்து அதன் தனித்தன்மை புலனாகும். அடுப்பை அணுகும் குழந்தையிடம் ‘சுடும்’ என்பர். கிணற்றை எட்டிப்பார்க்கும் குழந்தையிடம் ‘விழுந்துபோவாய்’ என்பர். இவை உலகைப் பற்றிய செய்திகள். மெய்யா பொய்யா என்று பின்னர் அறிந்துகொள்ளக் கூடியவை. ‘சீ’ என்பதோ செய்தி எதனையும் கூறுவதில்லை. அச்சொல்லோடு சேர்ந்து வரும் முகச்சுளிப்பு விரலிலுள்ள அழுக்கைக் குறிக்கிறதா, அல்லது விரலுக்குரியவனையே குறிக்கிறதா என்று பிரித்தறியும் ஆற்றல் அவ்வயதிற்கு இல்லை. தன்னிடமிருந்து வந்த ஒன்று ஏன் தானாகாது என்பதும் அதற்கு விளங்கப்போவதில்லை. நியாயம் அறியாத ஓருயிருக்கு வெட்கத்தின் வாயிலாக ஒழுக்கத்தைப் புகட்டுதல் தகுமா என்ற வினா இங்கேதான் எழுகின்றது. மலசலப் பயிற்சி தாய்மாருக்குரிய சில்லறைக் கருமம், தத்துவ விசாரணைக்கு உரியதன்று எனக் கருதுவோர், மனிதன் பெறும் முதல் அறப்போதனை அநேகமாக அச்சட்டியருகிலேயே நிகழ்கிறது என்பதை மறந்துவிடுகின்றனர்.

முதலில் ஒன்று தெளிவாதல் வேண்டும். மலசலத்தை அடக்கி உரிய இடத்திற் கழித்தல் என்பது நடத்தலைப் போல, பேசுதலைப் போல ஒரு திறன். தசையும் நரம்பும் முதிர்ந்தாலன்றி அது முழுமையாகக் கைகூடாது. ஐக்கிய அமெரிக்காவின் அரசாங்கக் குழந்தைநலப் பணியகம் 1920களிலும் 1930களிலும் தாய்மாருக்கு வழங்கிய கைந்நூல், பிறந்து சில மாதங்களுக்குள்ளேயே நேரந்தவறாது பயிற்றத் தொடங்குமாறு அறிவுறுத்திற்று. குழந்தை மணிக்கூட்டுக்குப் பணியவேண்டியதாயிற்று. 1940இல் மிர்ட்டில் மக்கிறோ என்னும் உளவியலாளர் இரட்டைக் குழந்தைகளைக் கொண்டு இதனைச் சோதித்தார். இருவருள் ஒருவரைக் கைக்குழந்தைப் பருவந்தொட்டே மணிக்கணக்கிற் சட்டியில் இருத்தி, மற்றவரை விட்டுவைத்தார். பிந்தித் தொடங்கிய குழந்தை விரைவிலேயே முந்தியதை எட்டிவிட்டது. 1962இல் பெரி பிறேசல்ரன் என்ற குழந்தை மருத்துவர் 1,170 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து, ஒன்றரை வயதுக்குப் பின், குழந்தை தானே ஆயத்தமாகும்போது வற்புறுத்தலின்றித் தொடங்குவதே நன்றெனக் கூறினார். ஆனால், 1977இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு கிழக்காபிரிக்காவின் டிகோ மக்களிடையே பிறந்து சில வாரங்களிலேயே பயிற்சி தொடங்குவதையும், ஐந்தாறு மாதங்களிற் குழந்தை அதற்கு இசைந்துவிடுவதையும் விவரித்தது. அங்கும் தாய் கால்நீட்டி அமர்கிறாள். அங்கும் மெல்லிய ஒலியொன்று எழுகிறது. திரியாய் அம்மம்மாவுக்கு அவர் அறியாத உறவினர் அங்கிருக்கின்றனர்! பிறேசல்ரன் பிந்து என்கிறார், டிகோத் தாய் முந்துகிறாள். எனினும் இருவரிடத்தும் தண்டனை இல்லை. ஆகவே, வயதைப் பற்றிய சர்ச்சையிலும் பார்க்க, எத்தகைய முகத்தோடு கற்பிக்கிறோம் என்பதே முக்கியமாகின்றது.

கடுமையான பயிற்சி கஞ்சத்தனத்தையும் பிடிவாதத்தையும் தோற்றுவிக்கும் எனப் புரொயிட் வழிவந்தோர் கொண்ட கருத்துக்குப் போதிய சான்று கிடைத்ததில்லை. ஊரிலுள்ள உலோபிகளுக்கெல்லாம் சட்டியைக் குறைகூறுதல் மிகையே. எரிக் எரிக்சன் 1950இல் கூறியது இதனினும் நிதானமானது. இரண்டு மூன்று வயதிற் குழந்தை தன் உடலைத் தானே ஆளக் கற்கும். அம்முயற்சியில் அவமதிக்கப்பட்டால் வெட்கமும் தன்மீதான ஐயமும் அதனிடத்தே தங்கிவிடும் என்றார் அவர்.

இதற்கு மறுப்பொன்று உண்டு. அதனை இலேசாகத் தள்ளிவிட முடியாது. மலத்திலே கிருமியுண்டு, புழுவுண்டு. மணற்பாங்கான நிலத்தில் ஆழங்குறைந்த கிணறு எளிதில் மாசடையும். அருவருப்புணர்ச்சி மனிதனைக் காக்கும் வேலி. அவ்வேலி குழந்தையிடத்தே இயல்பாக இல்லை. போல் ரோசினும் அவருடைய துணை ஆய்வாளரும் 1986இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நிலக்கடலை வெண்ணெயையும் மணமிக்க பாற்கட்டியையும் கொண்டு செய்த போலி நாய்மலத்தை இரண்டு வயதளவிலான குழந்தைகளிற் பெரும்பாலோர் தயங்காது வாயிலிட்டனர். இயல்பில் இல்லாததைத் தாய்தானே ஊட்டவேண்டும்? ‘சீ’ என்று சொல்லாவிடின் வேறெவ்வாறு ஊட்டுவது? இவ்வாறு கேட்கும் தாயைக் குற்றங்கூற எவருக்கும் நா எழாது.

ஆயினும் அருவருப்பும் சுத்தமும் ஒன்றே என்ற எண்ணத்தில் வழுவுண்டு. திரியாயின் குன்றொன்றின் மேல் கிரிகண்டு சேய என்னும் பழம் பௌத்த தாதுகோபத்தின் கற்றூண்கள் நிற்கின்றன. அத்தகைய பள்ளிகளில் வாழ்ந்த துறவிகளுக்கு ஒழுக்கம் வகுத்த விநயபிடகம், மலகூடத்தில் நடந்துகொள்ளும் முறையையும் விரிவாகக் கூறுகிறது. அவ்விதிக்குக் காரணமாக அதிலே ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. அந்தணர் குலத்திற் பிறந்த துறவி ஒருவர் மலங்கழித்தபின் கழுவிக்கொள்வதில்லையாம். இந்த நாற்றத்தை யார் தொடுவார் என்பதே அவர் கூறிய காரணம். முடிவில் அவர் உடலிற் புழு உண்டாயிற்று. அருவருப்புக் குறைந்தமையால் அவர் அசுத்தரானாரல்லர், மிகுந்தமையாலேயே ஆனார். சுத்தஞ் செய்பவன் அழுக்கைத் தொட்டே ஆகவேண்டும். ‘சீ’ கற்பிப்பது விலகுதலை மட்டுமே. கழுவுதலை அது கற்பிப்பதில்லை.

விலகப் பழகியவன் கழுவும் வேலையை வேறொருவனிடம் விடுகிறான். பிறகு அவனிடமிருந்தும் விலகுகிறான். ஒல்லாந்தர் மொழியிலிருந்து வந்த ‘கக்கூசு’ என்ற சொல்லும் நாகரிகமற்றதெனப்பட்டு ‘மலசலகூடம்’ ஆயிற்று. ஆனால், இலங்கை நகரங்களில் வாளிக் கக்கூசுகள் இருந்த காலத்தில் அவ்வாளிகளைச் சுமந்தவர்களுக்குச் சொல்மாற்றத்தால் மதிப்புக் கிட்டவில்லை. தீண்டாமையைத் தண்டனைக்குரியதாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இந்நாட்டில் 1957இல் வந்தது. இந்தியாவிற் கையால் மலமள்ளுவதைத் தடுக்க 1993இலும் 2013இலும் சட்டம் இயற்றவேண்டியிருந்தது. வளர்ந்தோருக்குச் சட்டம் இயற்றலாம். இரண்டு வயதிற் படிந்த முகச்சுளிப்பை எச்சட்டம் எட்டும்?

அச்சுளிப்பை வன்மையாற் களைய முயன்றவர் காந்தியடிகள். 1898 அளவில் டேர்பன் நகரில் அவர் வீட்டில் அறைகளிலே சிறுநீர்ச் சட்டிகள் வைக்கப்பட்டிருந்தன. பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்த கிறித்தவ எழுதுவினைஞர் ஒருவருடைய சட்டியைக் கஸ்தூரிபாய் கண்ணீரோடு சுமந்தார். சுமந்தாற் போதாது, மலர்ந்த முகத்தோடு சுமக்கவேண்டும் எனக் கணவர் வற்புறுத்தினார். வாக்குவாதம் முற்றி, மனைவியின் கையைப் பற்றி வாயில்வரை இழுத்தும் சென்றார். உமக்கு வெட்கமில்லையா என்று அவ்வம்மையார் கேட்டபோதே அவர் தலைகுனிந்தார். இதனைத் தம் சுயசரிதையில் அவரே மறைக்காது எழுதியுள்ளார். கொள்கையில் நியாயம் காந்தியடிகள் பக்கமே இருந்தது. ஆனால் முகமலர்ச்சியைக் கட்டளையிட்டுப் பெறமுடியாது. இரண்டு வயதுப் பிள்ளையைச் சட்டியில் அமுக்கிப் பிடிக்கும் பெற்றோரும் அதே இடத்திலேதான் தவறுகின்றனர்.

தாயின் நிலையையும் எண்ணவேண்டும். 1985இல் நிகழ்ந்த வன்செயல்களால் திரியாய் மக்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்து பல்லாண்டு அகதிகளாய் வாழ நேர்ந்தது. வளவில்லாத, மண் அள்ளி மூட இடமில்லாத, பல குடும்பங்கள் ஒரே மலசலகூடத்துக்கு வரிசை நிற்கும் முகாமிற் குழந்தை பாயை நனைத்துவிட்டால், அங்கே எழும் ‘சீ’ குழந்தைக்காகச் சொல்லப்படுவதன்று. அடுத்த பாயில் இருப்பவர் காதில் விழவேண்டுமென்று சொல்லப்படுவது. பிறர் முன் குன்றிய தாய், தன் குறுக்கத்தைத் தன்னிலும் சிறியவரிடம் இறக்கிவைக்கிறாள். இன்று வேலைக்குச் செல்லும் பெற்றோர் பம்பஸ் அணிவித்து ஆண்டுக்கணக்கிற் காலந்தாழ்த்தி, முன்பள்ளி தொடங்கச் சில வாரங்களிருக்கையில் ஏச்சும் அடியுமாக அவசரப்படுவதும் இவ்வகையினதே. ஊரார் முன்னே தலைகுனியலாகாதென்ற அச்சத்தின் விலையைக் குழந்தை செலுத்துகிறது.

திண்ணையில் நின்ற அப்பிள்ளையிடம் மீள்வோம். அம்மம்மா ஓடிவருகிறார். ‘சீ’ என்ற சொல் வாய்தவறி வந்துவிடுகிறது. அது அவர் தம் தாயிடம் கேட்ட சொல். ஆனால் அடுத்த கணம் பேரனின் கையைத் தம் கையாற் பற்றிக் கிணற்றடிக்கு அழைத்துச் செல்கிறார். விரல்களைத் தேய்த்துக் கழுவுகிறார். பின்னர் ஒரு சிரட்டையில் மண்ணை நிரப்பிப் பிள்ளையிடமே கொடுக்கிறார். பிள்ளை பாதி மண்ணை வழியிற் சிந்தி, மீதியைத் திண்ணையிற் கொட்டிவிட்டு, இன்னும் ஒரு சிரட்டை வேண்டும் என்கிறது.