உன் கேள்வியை நீயே கேள்!

"எம்.டி. முடிச்சமா, ஊர்ல கிளினிக் போட்டமான்னு இரு. ஆராய்ச்சி, பேராசிரியர் வேலையெல்லாம் நமக்கெதுக்கு?"

முதல் தலைமுறையாக மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்த பிள்ளைகளுக்கு, அதிலும் பெண்களுக்கு, இந்த அறிவுரை தினமும் கிடைக்கிறது. சொல்பவர்கள் பாசத்தில்தான் சொல்கிறார்கள். அதனால்தான் அது ஆளைக் கட்டிப்போடுகிறது. காதில் வாங்காதே, தங்கச்சி!

1980-களின் நடுவில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்தார் நிர்மலா. சிற்றூரிலிருந்து வந்தவர், இரண்டு குழந்தைகளுக்குத் தாய். தீசிஸுக்கு எய்ட்ஸ் கிருமியைத் தேடிப் பார் என்றார் பேராசிரியர் சுனிதி சாலமன். அது வெளிநாட்டு நோய், இங்கே எட்டிப்பார்க்காது என்று நாடே நம்பியிருந்த காலம். நிர்மலாவும் தயங்கினார். பிறகு துணிந்தார். பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்ட பெண்களை வைத்திருந்த காப்பகத்துக்குப் போனார், அவர்களிடம் பேசிப் பழகினார், ரத்தம் எடுத்தார். பத்திரப்படுத்த வசதி கிடையாது; வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தார். 1986 பிப்ரவரியில் அத்தனையையும் எடுத்துக்கொண்டு ரயிலேறினார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சோதித்தபோது ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின; கிருமி இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அமெரிக்காவில் மறுபடி சோதித்தும் அதே முடிவுதான். இந்தியாவுக்குள் எச்.ஐ.வி. வந்துவிட்டதென்று நாட்டுக்குச் சொன்னது ஒரு மாணவியின் தீசிஸ் ஆய்வு!

அதே வேலூரில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கை ஆராய்ந்தவர் ககன்தீப் காங். 2019-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. அந்த இடத்தைப் பிடித்த முதல் இந்தியப் பெண் அவர்.

இப்போது உன்னிடம் வருகிறேன். பீடி சுற்றும் அம்மாவின் இருமல், துப்புரவுத் தொழிலாளியின் தோல்நோய், மலையிலிருந்து டோலி கட்டித் தூக்கி வரும் பிரசவம்... இதையெல்லாம் பாடப்புத்தகத்துக்கு முன்பே பார்த்தவள் நீ. தலித் வீட்டுப் பெண்ணும் பழங்குடிப் பெண்ணும் இஸ்லாமியப் பெண்ணும் பேராசிரியர் நாற்காலியில் உட்காராதவரை, அவர்கள் தெருவின் நோய்கள் ஆய்வுத் தலைப்பாக எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?

கஷ்டம் உண்டு. தனியார் ஆஸ்பத்திரியில் கிடைக்கும் பணம் இதில் வராது. நைட் டியூட்டி முடித்த கையோடு புள்ளிவிவரத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். கட்டுரை திரும்பி வரும். திருத்தி மறுபடி அனுப்பு. சீனியரின் தீசிஸை வாங்கி எண்களை மாற்றி பைண்டிங் போடும் குறுக்குவழியும் உண்டு (எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள்). அந்தப் பக்கம் திரும்பாதே.

நாளைக்கே உன் கைடு முன்னால் போய் நில். அவர் ஒரு தலைப்பை நீட்டுவதற்கு முன்னால் உன் தலைப்பை நீ சொல்!